தாத்தா கட்டிய தேக்கு வீட்டுக்கு எனாமல் பூசலாமா?

கேள்வி: ஐயா, பர்மாவில் முடோனில் எங்கள் தாத்தா கட்டிய மரவீடு இருக்கிறது. உருண்டைத் தேக்குத் தூண்கள், தேக்குப் பலகைச் சுவர். அப்பா இருந்தவரை வெளிப்புறம் யேனான் என்கிற கச்சா எண்ணெய் பூசுவார். அவர் போய்ப் பத்து வருஷமாக யாரும் கை வைக்கவில்லை. பலகை சாம்பல் பூத்துவிட்டது. மேற்குப் பக்கம் பாசி, தூண்களில் வெடிப்பு, இரண்டு தூணின் அடி மெத்தென்று இருக்கிறது. பம்பு வைத்துக் கழுவி, மெஷினால் தேய்த்து, வெடிப்பில் சிமெண்ட் அடைத்து, பச்சை எனாமல் அடித்துவிடலாம் என்கிறான் தம்பி. எனக்கு மனசு ஒப்பவில்லை. என்ன செய்யட்டும்? – வாசகி, முடோன்.

பதில்: உங்கள் மனசு சொல்வதுதான் சரி, தங்கச்சி. பெயிண்ட் டப்பாவைத் திறக்க வேண்டாம் என்று இன்றைக்கே தம்பியிடம் சொல்லிவிடுங்கள்.

நான் பட்டவன், அதனால் சொல்கிறேன். தட்டோனில் எங்கள் வீட்டுக்கு, அப்பா அம்மாவின் அறுபதாம் கல்யாணத்துக்காக, ஒரு கடைக்காரர் பேச்சைக் கேட்டு எனாமல் அடித்தோம். முதல் வருஷம் பளபளவென்று இருந்தது. மூன்றாவது மழைக்குப் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பி, வெயிலில் பட்ட தோல் மாதிரி உரிந்தது. அடியில் பார்த்தால் நாலு பலகை விரலால் அழுத்தினாலே உள்ளே போயின. அவ்வளவு காலம் வெறும் உடம்போடு மழையில் நின்று ஒன்றும் ஆகாத பலகை அவை. அம்மா அதைப் பார்த்துவிட்டு ஒன்றுமே பேசவில்லை, அதுதான் எனக்கு இன்னும் தாங்கவில்லை.

காரணம் இதுதான். தேக்கில் இயற்கையாகவே எண்ணெய் உண்டு, உங்கள் வீட்டுப் பலகையோ அதற்கு மேல் வருஷக்கணக்காக யேனானும் குடித்திருக்கிறது, அதன் மேல் எனாமல் சரியாகப் பிடிக்காது. ஆணி ஓட்டை வழியாகவும் பலகை நுனி வழியாகவும் தண்ணீர் உள்ளே போய்விடும், வெளியே வரத்தான் வழியிருக்காது. மரம் நனைவதால் கெடுவதில்லை, நனைந்தது காயாமல் கிடந்தால்தான் கெடும். ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை மக்க வைக்கும் பூஞ்சையால் அதை ஒன்றும் செய்ய முடியாது. உங்கள் ஊர் வருஷத்துக்கு 4,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிற மோல்மீன் பக்கம், சென்னைக்குக்கூட 1,400 தான், ஆக உங்கள் வீட்டுக்கு எதைச் செய்தாலும் அது காய வழிவிடுமா என்று முதலில் கேளுங்கள்.

சாம்பல் நிறத்துக்குப் பயப்படாதீர்கள். வெயில் பட்டு மேல்தோல் வெளுத்திருக்கிறது, அவ்வளவுதான், ஒரு மில்லிமீட்டர்கூட ஆழம் இருக்காது.

முதலில் கூரையைப் பாருங்கள். பழைய கூரையை எடுத்துவிட்டுத் தகரம் போட்டபோது இறவாரத்தைக் குட்டையாக விட்டிருக்கிறார்களா? நம் ஊர்ப் பக்கம் நிறைய வீடுகளில் இந்தத் தப்பு நடந்திருக்கிறது. கூரை விளிம்பு சுவரை விட்டு இரண்டடியாவது வெளியே நீள வேண்டும். கூரைத் தண்ணீரைப் பிடித்துக் கொண்டுபோகும் பீலி இல்லையென்றால் அங்கிருந்து விழுகிற தண்ணீர் தரையில் மோதி ஒன்றரை அடி உயரத்துக்குத் தெறிக்கும். தூணின் அடியும் கீழ்ப்பலகையும் முதலில் போவது அதனால்தான். தகரத்தை நீட்டி, பீலி கட்டி, சுவரோரம் ஜல்லி கொட்டுங்கள். மற்ற எல்லாவற்றையும்விட இதற்குத்தான் முதலில் காசு ஒதுக்க வேண்டும்.

அப்புறம் தூண்கள். ஒரு திருப்புளியை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு தூணையும் அடியிலிருந்து முழங்கால் உயரம்வரை சுற்றிச் சுற்றிக் குத்திப் பாருங்கள். வைரம் பாய்ந்த தேக்கு நுனியைக் கூட உள்ளே விடாது. வைரத்தைச் சுற்றியிருக்கும் வெளிர்ப் பகுதி மட்டும் உதிர்ந்தால் சுரண்டி எறிந்துவிடலாம், அதில் தேக்கின் காப்பு எதுவும் கிடையாது, கரையானும் அதைத்தான் முதலில் தின்னும். ஆனால் திருப்புளி இரண்டு அங்குலம் இறங்கினால், தட்டும்போது டொக்கென்று வெற்றுச் சத்தம் கேட்டால், அந்த அடியை வெட்டி எடுக்கத்தான் வேண்டும். வீட்டை ஜாக்கி வைத்துத் தூக்கத் தெரிந்த தச்சர்கள் மோல்மீனில் இருப்பார்கள், வயசான ஆளாகப் பாருங்கள். இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்து, ஒரு நேரத்தில் ஒரு தூணை மட்டும் எடுத்து, கெட்ட பகுதியைச் சாய்வாக அறுத்து, பியின்கடோ கட்டையால் ஒட்டுப்போட்டு போல்ட் முடுக்கச் சொல்லுங்கள். ரயில் பாதைக்குக் குறுக்குக்கட்டையாகப் போட்ட மரம் அது, மண் ஈரத்தைத் தாங்கும். அதையும் மண்ணில் புதைக்காமல், தரைக்கு மேலே அரையடி எழும்பிய கான்கிரீட் காலில் நிறுத்தி, நடுவில் ஒரு தார்த்தாள் வைத்துவிட்டால் உங்கள் பேரப்பிள்ளைகள் காலம்வரை நிற்கும். வீட்டுக்கு அடியில் விறகு, பழைய பலகை அடுக்கியிருந்தால் எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். கரையான் மண்பாதை போட்டு ஏறுவதைக் கண்ணால் பார்க்க அங்கே வெளிச்சம் வேண்டும்.

பலகை மாற்ற வேண்டியிருந்தால், இடிக்கிற வீட்டிலிருந்து வரும் பழைய தேக்கைத் தேடுங்கள். சீக்கிரம் வெட்டிய தோட்டத் தேக்கில் வைரம் குறைவு. தேக்கு விஷயத்தில் இங்கே சட்டம் கடுமை, 2014 ஏப்ரலிலிருந்து உருண்டை மரத்தை ஏற்றுமதி செய்வதையே நிறுத்திவிட்டார்கள், ஆகவே ரசீது இல்லாமல் ஒரு பலகைகூட வாங்காதீர்கள்.

கழுவுவதற்கு பம்பு வேண்டாம். அந்த வேகம் நாரைக் கிளப்பிவிடும், பலகை இடுக்கு வழியாகச் சுவருக்குள்ளும் தண்ணீரை அடித்துவிடும். வாளித் தண்ணீர், சோப்பு, மெத்தென்ற பிரஷ், நார் போகும் திசையில் தேய்த்தால் பாசி போய்விடும். ஆணியைச் சுற்றியிருக்கும் கறுப்புக் கறைக்கு ஆக்சாலிக் அமிலத்தைத் தண்ணீரில் கரைத்துத் தடவி, நன்றாகக் கழுவுங்கள். அது விஷம், கையுறை போடாமல் தொடக்கூடாது. ஜன்னல் சட்டங்களில் பழைய பெயிண்ட் இருந்தால் அதில் ஈயம் இருக்கக்கூடும், காயவைத்துத் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள், ஈரத்தோடு சுரண்டுங்கள், பிள்ளைகளை அன்றைக்கு வேறு வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

தூண் வெடிப்பைப் பற்றி. உருண்டை மரம் காயும்போது வெடிக்கத்தான் செய்யும், நேராக நிற்கும் தூணில் அது பெரும்பாலும் பயமில்லை. தண்ணீர் தேங்கும்படி மேல்நோக்கி வாய் திறந்த வெடிப்பு, அதுவும் ஒரு சுண்டுவிரல் நுழைகிற அளவுக்கு இருந்தால் மட்டும் அடையுங்கள். சிமெண்ட் வேண்டவே வேண்டாம், மரம் சுருங்கி விரியும்போது அது விலகி நின்று தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நுரைக்கயிற்றை உள்ளே திணித்து, மேலே மரத்தோடு இழுபடுகிற ரப்பர் மாதிரியான பசையைப் போடுங்கள்.

கடைசியாகப் பூச்சு. ஐராவதிக் கரையில் யேனாஞ்சாங்கில் வெள்ளைக்காரன் வருவதற்கு முன்பே கையால் கிணறு தோண்டி எடுத்த கச்சா எண்ணெய்தான் நம் யேனான். இன்வாவில் 1834இல் எழுப்பிய பகாயா மடத்தில் 267 தேக்குத் தூண்கள். அந்தக் காலத்து மரமடங்கள் கறுப்பாக நிற்பதே யேனான் பூசிப் பூசித்தான். தண்ணீரை ஒட்டவிடாது, கரையானுக்கும் பிடிக்காது, தோல் மாதிரி மூடாமல் மரத்துக்குள் இறங்கிவிடும். அப்பா செய்ததையே தொடருங்கள் என்பதுதான் என் அபிப்பிராயம். டீசல் கொஞ்சம் விட்டு இளக்கி, மெல்லிசாக இரண்டு கை. பலகை நுனிகளுக்கு மூன்று கை, ஏனென்றால் தண்ணீரை மற்ற இடத்தைவிடப் பல மடங்கு உறிஞ்சுவது நுனிதான். அடுப்படிப் பக்கத்துக்கும் பிள்ளைகள் கை படுகிற படிக்கட்டுப் பிடிக்கும் யேனான் வேண்டாம், அந்த இடத்துக்கு மட்டும் கடையில் மரத்துக்குள் இறங்கும் தெளிவான எண்ணெய் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் வாளியில் முக்குங்கள். மரவீட்டில் இது விளையாட்டுக் காரியமில்லை.

வேலையைத் தீபாவளி கழித்து ஆரம்பித்து, தை பிறப்பதற்குள் முடிக்கப் பாருங்கள். கழுவிய பிறகு பத்து நாளாவது காயவிட்டுத்தான் எண்ணெய்.

ஒன்று விட்டுவிட்டேன், மெஷின். உங்கள் தூண்களைச் சாய்வெயிலில் பார்த்தால் வாச்சியால் கொத்திச் செதுக்கிய தடம் வரிவரியாகத் தெரியும், தாத்தா காலத்துத் தச்சரின் கை அது. மெஷினால் தேய்த்தால் ஒரு மணி நேரத்தில் போய்விடும். தம்பியைக் கூட்டிக்கொண்டு போய் அதைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.