மகளுக்கு என் இனிஷியல் வேண்டும்: மணமாகாத தந்தைக்கு உரிமை உண்டா?

கேள்வி: எனக்கு வயது 32. ஈரோடு மாவட்டத்தில் விசைத்தறி வைத்திருக்கிறேன். வேறு சாதியைச் சேர்ந்த ஒரு பெண்ணுடன் நான்கு ஆண்டுகள் ஒரே வீட்டில் வாழ்ந்தேன். இருவரும் இந்துக்கள். நண்பர்கள் முன்னிலையில் கோயிலில் மாலை மாற்றிக்கொண்டதோடு சரி, திருமணம் என்று எதையும் பதிவு செய்யவில்லை. இப்போது பிரிந்துவிட்டோம். மகள் அவரிடம் இருக்கிறாள். வரும் ஜூனில் முதல் வகுப்பு சேர வேண்டும். பிறப்புச் சான்றிதழில் தந்தை பெயர் காலியாக இருக்கிறது, அம்மாவின் எழுத்துதான் இனிஷியல். என் எழுத்தைப் போட அவர் மறுக்கிறார். 18,000 ரூபாய் கொடுத்தால் அபிடவிட், அரசிதழ் எல்லாம் முடித்து என் பெயரை ஏற்றித் தருவதாக ஒருவர் சொல்கிறார். பெற்ற தகப்பனுக்கு இந்த உரிமைகூடக் கிடையாதா?

பதில்: அந்த 18,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே முன்பணம் கொடுத்திருந்தால் அது போனதாக இருக்கட்டும். அந்த ஆள் நீட்டும் எந்தத் தாளிலும் இனிமேல் கையெழுத்துப் போடாதீர்கள்.

நேரான பதில் இதுதான். மகளின் இனிஷியலை மாற்ற ஒன்று தாய் சம்மதிக்க வேண்டும், இல்லையென்றால் நீதிமன்றம் உத்தரவிட வேண்டும். மூன்றாவது வழி கிடையாது. இல்லாத அந்த வழியைத்தான் உங்களுக்கு ஒருவர் விலை பேசுகிறார்.

குழந்தைக்கு அப்பாவின் எழுத்தைத்தான் போட வேண்டும் என்று இந்தியாவில் எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அது ஊர் வழக்கம். விண்ணப்பப் படிவங்கள் அந்த வழக்கத்தைக் கெட்டிப்படுத்திவிட்டன, அவ்வளவுதான். சட்டம் பார்ப்பது காப்பாளர் யார் என்பதை. 1956ஆம் ஆண்டின் இந்து இளவர் (18 வயது நிறையாதவர்) மற்றும் காப்பாளர் சட்டம், 6ஆம் பிரிவில், மணவாழ்க்கையில் பிறந்த பிள்ளைக்குத் தந்தையை முதலில் வைக்கிறது. திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளைக்குத் தாயை முதலில் வைக்கிறது. தந்தை அவருக்குப் பிறகுதான். பெயர் வைப்பது காப்பாளரின் வேலை. கணவர் இறந்தபின் மறுமணம் செய்துகொண்ட ஒரு தாயின் வழக்கில், பிள்ளையின் குடும்பப் பெயரைத் தீர்மானிப்பது இயற்கைக் காப்பாளரான, அதாவது யாரும் நியமிக்காமலே சட்டப்படி காப்பாளரான, அந்தத் தாய்தான் என்று உச்ச நீதிமன்றம் 2022இல் சொன்னது. சூழ்நிலை வேறு, ஆனால் நீதிமன்றங்கள் எந்தப் பக்கம் சாய்கின்றன என்பது உங்களுக்குப் புரியும்.

2015இல் வந்த இன்னொரு தீர்ப்பு உங்களுக்கு இன்னும் நெருக்கமானது. மணமாகாத தாய் தன் பிள்ளைக்குக் காப்பாளராகத் தன்னை நியமிக்கக் கேட்டால், தந்தையின் பெயரை வெளியிடவும் வேண்டாம், அவருக்கு நோட்டீஸ் அனுப்பவும் வேண்டாம் என்றது உச்ச நீதிமன்றம். பிறப்புச் சான்றிதழுக்குத் தாயின் பிரமாணப் பத்திரமே போதும் என்றும் உத்தரவிட்டது. அந்த வழக்கின் தந்தை பிள்ளையின் மேல் எந்த அக்கறையும் காட்டாதவர். நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை என்றால் அதைக் காகிதத்தில் காட்ட வேண்டியது உங்கள் பொறுப்பு. எப்படி என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் அந்தத் தரகரைப் பற்றிப் பேசிவிடுவோம். இந்த ஆட்கள் எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான் தொழில் நடத்துகிறார்கள். தாலுகா அலுவலகத்துக்கு எதிரில் ஒரு ஜெராக்ஸ் கடை, மேசைமேல் ஒரு கட்டு முத்திரைத்தாள். 'முத்திரைத்தாளில் எழுதி நோட்டரி போட்டுவிட்டால் போதும் சார்' என்பார்கள். போதாது. நோட்டரி முத்திரைக்குப் பொருள், நீங்கள் அவர் முன்னால் உறுதிமொழி எடுத்துக் கையெழுத்திட்டீர்கள் என்பது மட்டுமே. நீங்கள் சொன்னது உண்மை என்று அவர் சான்றளிப்பதில்லை. 'இந்தக் குழந்தை என் மகள்' என்று நூறு தாளில் எழுதினாலும் பிறப்புப் பதிவேட்டில் ஓர் எழுத்து நகராது.

அடுத்தது அரசிதழ் மாயை. அரசிதழில் வெளியாவது 'இந்தப் பெயரில் இருந்தவர் இனி இந்தப் பெயரில் அழைக்கப்படுவார்' என்ற அறிவிப்பு. யார் யாருக்குப் பிறந்தார் என்பதை அது தீர்மானிப்பதில்லை. தவிர, 18 வயது ஆகாதவருக்காகக் காப்பாளர்தான் விண்ணப்பிக்க முடியும். உங்கள் மகளுக்குக் காப்பாளர் அவளுடைய அம்மா. அப்படியானால் அம்மாவின் கையெழுத்துக்குத் தரகர் என்ன செய்வார்? 'அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்பார். அவர் பார்த்துக்கொள்ளும் விதம் உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அது போலிக் கையெழுத்து. விண்ணப்பத்தில் இருப்பது உங்கள் பெயர், உங்கள் செல்பேசி எண். வழக்கு வந்தால் ஜெராக்ஸ் கடைக்காரர் உங்களைப் பார்த்ததே இல்லை என்பார்.

பதிவு அலுவலகத்தில் உள்ளே ஆள் இருக்கிறார் என்று சொல்லும் தரகர்களும் உண்டு. இருக்கலாம். ஆனால் மோசடியாகச் செய்யப்பட்ட பதிவைத் திருத்தவும் ரத்து செய்யவும் 1969ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின் 15ஆம் பிரிவு பதிவாளருக்கு அதிகாரம் தருகிறது. மகளின் தாய் ஒரு புகார் எழுதிக் கொடுத்தால் நீங்கள் காசு கொடுத்து ஏற்றிய பெயர் இறங்கிவிடும். அதோடு முடிந்தாலும் பரவாயில்லை. நாளைக்கு மகளைப் பார்க்க அனுமதி கேட்டு நீங்கள் நீதிமன்றம் போகும்போது எதிர்த்தரப்பு முதலில் நீட்டப்போவது அந்தப் போலித் தாளைத்தான். அதற்குப் பிறகு எந்த நீதிபதி உங்களை நம்புவார்?

இன்னொரு சரக்கும் இவர்களிடம் உண்டு: பின்தேதியிட்ட திருமணச் சான்று. உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய வரி ஒன்று இருப்பதால் இதைக் குறிப்பாகச் சொல்கிறேன். 'கோயிலில் மாலை மாற்றிக்கொண்டதோடு சரி' என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் 'சரி' என்று தள்ளிவிட எதுவும் இல்லை. நீங்கள் மணமாகாதவர்தானா என்பதே எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

தமிழ்நாட்டில் 1967இல் கொண்டுவந்த திருத்தத்தால் இந்துத் திருமணச் சட்டத்தில் 7அ என்ற பிரிவு சேர்ந்தது. சுயமரியாதைத் திருமணங்களுக்குச் சட்ட அங்கீகாரம் தந்த பிரிவு இது. இதன்படி இரண்டு இந்துக்கள், உறவினர்களோ நண்பர்களோ வேறு யாரோ முன்னிலையில், ஒருவரை ஒருவர் கணவனாகவும் மனைவியாகவும் ஏற்றுக்கொள்வதாக அவர்களுக்குப் புரியும் மொழியில் சொன்னாலே திருமணம். மாலை மாற்றிக்கொண்டாலும் திருமணம், மோதிரம் அணிவித்தாலும் திருமணம், தாலி கட்டினாலும் திருமணம். புரோகிதரும் வேண்டாம், அக்கினியும் வேண்டாம். ஊரைக் கூட்டிப் பொதுவில் நடத்தியிருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்திவிட்டது. பதிவு செய்யவில்லை என்ற ஒரே காரணத்தால் நடந்த திருமணம் செல்லாமல் போவதில்லை. பதிவு என்பது திருமணத்துக்குச் சாட்சி.

ஆகவே நீங்கள் உட்கார்ந்து நினைவுபடுத்திப் பார்க்க வேண்டியவை சில. அன்று உங்களுக்கு 21, அவருக்கு 18 வயது நிறைந்திருந்ததா? இருவரில் யாருக்காவது ஏற்கெனவே நடந்த திருமணம் உயிரோடு இருந்ததா? உடன் நின்ற நண்பர்கள் யார், அவர்கள் இன்று நீதிமன்றத்தில் வந்து சொல்வார்களா? புகைப்படம் இருக்கிறதா? வாடகை ஒப்பந்தம், குடும்ப அட்டை, மருத்துவமனைச் சேர்க்கைத் தாள் எதிலாவது கணவன், மனைவி என்று எழுதியிருக்கிறதா? நீண்ட காலம் கணவன் மனைவியாக ஊர் அறிய வாழ்ந்தவர்களை மணமானவர்கள் என்றே நீதிமன்றம் அனுமானிக்கலாம்; மறுப்பவர்தான் அதை உடைக்க வேண்டும். நான்கு ஆண்டு நீண்ட காலமா என்று கேட்டால் வெறும் ஆண்டுக் கணக்கை வைத்து யாரும் தீர்ப்பெழுத மாட்டார்கள். மற்ற சாட்சியங்களோடு சேர்த்துத்தான் பார்ப்பார்கள்.

இது நிரூபணமானால் உங்கள் மகள் மணவாழ்க்கையில் பிறந்த பிள்ளை. நீங்களும் இயற்கைக் காப்பாளர். உங்கள் சொத்தில் அவள் நேர் வாரிசு. இனிஷியல் உடனே உங்கள் எழுத்துக்கு மாறிவிடுமா என்றால், அதுவும் இல்லை. மகளின் ஆவணங்களில் தன் குடும்பப் பெயரே இருக்க வேண்டும் என்று கேட்டு வந்த ஒரு தந்தையை 2021இல் டெல்லி உயர் நீதிமன்றம் திருப்பி அனுப்பியது; மகள் தந்தையின் உடைமை அல்ல என்ற தொனியில். ஆனால் கேட்பதற்கு ஒரு தளமாவது உங்களுக்குக் கிடைக்கும்.

இந்தக் கதவைத் தட்டுவதற்கு முன் இன்னொன்றையும் யோசியுங்கள். திருமணம் நடந்தது என்று நீங்கள் நிரூபித்தால் நீங்கள் கணவர். விவாகரத்து பெறாமல் வேறு திருமணம் செய்ய முடியாது. அவர் ஜீவனாம்சம் கேட்கலாம். இனிஷியலுக்கு மட்டும் கணவர், மற்றதற்கெல்லாம் பிரம்மச்சாரி என்று இருக்க முடியாது. இதற்கிடையில், நடந்த அந்தக் கோயில் நிகழ்வுக்கு வேறு தேதி, வேறு கோயில், வாடகைச் சாட்சிகள் என்று தரகர் தயாரித்துக் கொடுக்கும் சான்று உங்களிடம் இருக்கும் உண்மையான சாட்சியத்தையும் கெடுத்துவிடும்.

சரி, ஜூனுக்குள் என்ன செய்யலாம்? பள்ளிச் சேர்க்கையை இதோடு முடிச்சுப் போடாதீர்கள். தலைமையாசிரியரிடம் போய்ச் சண்டையிட்டுப் பயனில்லை. அவர் பிறப்புச் சான்றிதழைத்தான் பார்ப்பார். மகள் இப்போதிருக்கும் இனிஷியலோடு சேரட்டும். பாஸ்போர்ட் விண்ணப்பத்துக்கே 2016 டிசம்பர் முதல் பெற்றோரில் ஒருவர் பெயர் போதும். பத்தாம் வகுப்புச் சான்றிதழ் அச்சாவதற்குள் இதைத் தீர்த்துக்கொள்ள உங்களுக்குக் காலம் இருக்கிறது.

உங்கள் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் ஒரு மனு கொடுங்கள். அது நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும். வழக்கு தொடராமலேயே இருவரையும் அழைத்துப் பேச வைப்பார்கள். அங்கே 'என் எழுத்து' என்று தொடங்காதீர்கள். முதலில் தந்தை பெயர் என்ற காலி இடம் நிரம்பட்டும். மணமாகாத பெற்றோராகவே இருந்தாலும், தாயும், தந்தை என்று ஒப்புக்கொள்பவரும் சேர்ந்து கேட்டுக் கையெழுத்திட்டால் தந்தையின் பெயரைப் பதியலாம். இனிஷியல் அம்மாவுடையதாகவே இருந்துகொண்டு, தந்தை பெயர் உங்களுடையதாக இருக்கலாம். இரண்டும் வேறு வேறு விஷயம். பாதிச் சண்டைகள் இதைப் புரிந்துகொள்ளாததால் வருகின்றன.

இருவரும் சேர்ந்து போனாலும் கவுன்டரில் 'திருமணச் சான்று எங்கே?' என்பார்கள். இல்லை என்றால் 'கோர்ட் ஆர்டர் வாங்கி வாருங்கள்' என்று வாயால் சொல்லி அனுப்புவார்கள். உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்து இத்தனை ஆண்டுகள் கழித்தும் அந்தச் செய்தி டெல்லியிலிருந்து ஒரு பேரூராட்சி அலுவலகத்துக்கு வந்து சேரவில்லை! தரகர்களை வளர்ப்பது தரகர்கள் அல்ல, இந்தக் கவுன்டர்கள்தான். ஒரு தாளில் எழுதித் தர வேண்டிய பதிலை எழுதித் தர மறுப்பதால்தான் மனிதர்கள் எதிர்க் கடைக்குப் போகிறார்கள். மறுப்பை எழுத்தில் கேளுங்கள். தராவிட்டால் விண்ணப்பத்தை விரைவுத் தபாலில் அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான சான்றை வைத்துக்கொள்ளுங்கள். பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின் 2023 திருத்தத்துக்குப் பிறகு, பதிவாளரின் முடிவை எதிர்த்து 30 நாளுக்குள் மாவட்டப் பதிவாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். அவர் 90 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

தாய் எதற்குமே இசையவில்லை என்றால் குடும்ப நீதிமன்றம். மகள் வசிக்கும் ஊருக்கு அதிகாரம் உள்ள நீதிமன்றத்தில், 1890ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டத்தின் கீழ் மனு. மகளைப் பார்க்கும் உரிமையை முதலில் கேளுங்கள். இனிஷியல் கோரிக்கையை முதல் வரியில் வைத்தால், மகளைவிட எழுத்துதான் பெரிதோ என்று நீதிபதிக்குத் தோன்றும். அங்கே அளவுகோல் குழந்தையின் நலன் ஒன்றுதான். நீங்கள் மாதாமாதம் பணம் அனுப்பினீர்களா என்று கேட்பார்கள். கையில் கொடுத்தேன் என்பது பதிலாகாது. இன்றிலிருந்தே தாயின் வங்கிக் கணக்குக்கு அனுப்புங்கள், தொகை சிறியதானாலும். இனிஷியல் தராதவருக்குப் பணம் எதற்கு என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளைக்கும் தந்தை ஜீவனாம்சம் தர வேண்டும் என்பது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவிலும் இருந்தது, அதற்குப் பதிலாக 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த சட்டத்தின் 144ஆம் பிரிவிலும் இருக்கிறது. டிஎன்ஏ பரிசோதனையைப் பற்றி இப்போது யோசிக்கவே வேண்டாம். நீங்கள் தந்தை இல்லை என்று அவர் சொல்லாதவரை அதற்குத் தேவை எழாது. நீதிமன்றங்களும் கேட்டவுடன் உத்தரவிடுவதில்லை.

ஒரு வேலையை மட்டும் யாருடைய சம்மதமும் இல்லாமல் இந்த வாரமே செய்யலாம். திருமணம் நிரூபணமாகாவிட்டால், 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் இல்லாமல் நீங்கள் இறந்தால் உங்கள் தறியிலும் வீட்டிலும் மகளுக்குத் தானாகப் பங்கு வராது. எனவே உயில் எழுதுங்கள். நீங்களே சம்பாதித்த சொத்தை யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம். முத்திரைத்தாள் தேவையில்லை, வெள்ளைத்தாள் போதும். நீங்கள் கையெழுத்திடுவதைப் பார்த்து இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும், அவர்கள் சொத்து பெறுபவர்களாக இல்லாமல் இருப்பது நல்லது. பதிவு கட்டாயமில்லை என்றாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுங்கள். மகளின் பெயரைப் பிறப்புச் சான்றிதழில் உள்ளபடியே, இப்போதைய இனிஷியலோடு, பிறந்த தேதியும் பதிவு எண்ணும் சேர்த்து எழுதுங்கள். ஆசைப்பட்டு உங்கள் எழுத்தைப் போட்டு எழுதிவிட்டால், அப்படி ஒருவர் இல்லை என்று நாளை உங்கள் உறவினர்களே வாதாடுவார்கள்.