பட்டா இல்லாத தெரு

அன்புள்ள ஐயா,

வியாசர்பாடியில் வீட்டிலேயே நான்கு மெஷின் போட்டுத் தையல் வேலை செய்கிறேன். 1991-க்குப் பிறகு இங்கேயும் சந்தைப் பொருளாதாரம்தான், தென்கொரியாவிலும் அதுதான். அவர்கள் எங்கேயோ போய்விட்டார்கள், எங்கள் தெரு அப்படியே இருக்கிறது. எங்களுக்கு உழைப்பு போதவில்லையா?

வாசகர், வியாசர்பாடி

அன்புள்ள நண்பருக்கு,

உழைப்பை முதலில் தள்ளி வையுங்கள். 1945-இல் கொரியாவைப் பிரித்தபோது இரண்டு பக்கமும் ஒரே மக்கள்தான். கனரகத் தொழிற்சாலைகள் அதிகம் இருந்ததுகூட வடக்கில்தான். தெற்கிலும் சந்தையைத் திறந்ததும் பணம் கொட்டிவிடவில்லை. 1950-இல் நிலச் சீர்திருத்தம் வந்தது, உச்சவரம்பு மூன்று ஹெக்டேர். குத்தகைக்கு உழுதவர் நிலத்துக்குச் சொந்தக்காரர் ஆனார், பிள்ளைகளைப் படிக்க அனுப்பினார். ஆலைகள் பெருகியது அதற்கு அப்புறம்தான்.

சாதாரண மனிதரின் சொத்தைச் சட்டம் எங்கே மதிக்கிறதோ, அங்கேதான் முதலாளித்துவம் அவருக்கும் பலன் தருகிறது. மற்ற நாடுகளில் பணம் ஏற்கெனவே பத்திரம் வைத்திருப்பவர்களுக்குள்ளேயே சுற்றிவருகிறது.

பெரு நாட்டுப் பொருளாதார அறிஞர் எர்னான்டோ டி சோட்டோவின் குழு, லிமாவில் ஒரு சின்னத் தையல் கூடத்தைச் சட்டப்படி பதிவு செய்து பார்த்தது. 289 நாள் பிடித்தது. செலவு, அங்கே குறைந்தபட்ச மாதக் கூலியைப் போல 30 மடங்குக்கும் மேல். நம் ஊர்க் கதையும் உங்களுக்குத் தெரிந்ததுதான். புறம்போக்கில் வீடு, அதனால் பட்டா இல்லை, அதனால் அடமானக் கடன் இல்லை. அடமானம் கேட்காத முத்ரா கடன் 2015 முதல் இருக்கிறது, முயன்று பாருங்கள். அதுவும் கிடைக்காதவர் தண்டலுக்குப் போகிறார். கையில் வருவது எட்டாயிரத்து ஐந்நூறு, தினம் நூறாக நூறு நாளில் கட்டுவது பத்தாயிரம். அந்த வட்டியைக் கட்டிக்கொண்டு ஐந்தாவது மெஷின் எப்படி வாங்குவது?

டி சோட்டோ சொன்னதில் ஒன்றை மட்டும் நான் ஏற்கவில்லை. பட்டா வந்தால் வங்கிக் கடனும் பின்னாலேயே வரும் என்று அவர் நம்பினார். புவெனோஸ் அய்ரெஸ் புறநகரில் 1981-இல் காலி நிலத்தில் குடியேறியவர்களில் ஒரு பகுதியினருக்குப் பட்டா கிடைத்தது, பக்கத்து மனைக்காரர்களுக்குக் கிடைக்கவில்லை. பின்னால் இரு தரப்பையும் ஆய்வாளர்கள் ஒப்பிட்டார்கள். பட்டா பெற்றவர்கள் வீட்டை நன்றாகக் கட்டியிருந்தார்கள், பிள்ளைகளைக் கூடுதலாகப் படிக்க வைத்திருந்தார்கள். கடன் மட்டும் பெரிதாகக் கூடவில்லை. எனக்கு இதுவே பெரிய விஷயம். நாளைக்கு யாரும் வந்து இடிக்கமாட்டார்கள் என்று தெரிந்ததும் அவர்கள் செலவழித்தது சுவருக்கும் பள்ளிக்கூடத்துக்கும்.

வடசென்னைக்கு முதலீடு வராமலும் இல்லை. பின்னி மில், மணலி சுத்திகரிப்பு ஆலை, எண்ணூர் அனல்மின் நிலையம் எல்லாம் இங்கேதான் வந்தன. 2023 டிசம்பரில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவி வலைகளும் படகுகளும் பாழாயின. தலைமுறையாக அங்கே மீன் பிடித்தவர்களிடம் அந்தத் தண்ணீருக்கு எந்தப் பத்திரமும் இல்லை. ஆலையின் மதில் சுவருக்கு உண்டு. இதை நினைத்தால் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

உங்கள் வீடு புறம்போக்கிலா, அரசு வீட்டு வாரியத்தின் ஒதுக்கீட்டிலா என்று எழுதவில்லை. வாரிய வீடு என்றால் தவணை ரசீதுகளைப் பத்திரமாக வையுங்கள். பாக்கி இல்லையென்றால் கிரயப் பத்திரம் கேட்டு எழுத்தில் மனு கொடுங்கள், ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள். தனியாகப் போகவேண்டாம், தெருவில் தவணை முடித்த எல்லாரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.