பொன்னாடை யாருக்கு?

கேள்வி: எங்கள் ஊர் அரசு நடுநிலைப் பள்ளி ஆண்டு விழாவில் தலைமை ஆசிரியர் முக்கால் மணி நேரம் ஊராருக்கு நன்றி சொன்னார். சம்பளம் கொடுப்பது அரசு, கட்டடம் கட்டுவது அரசு. ஊருக்கு எதற்கு நன்றி?
– ஒரு வாசகர், மணப்பாறை

பதில்: நன்றி அவசியம். முக்கால் மணி நேரம்தான் அநாவசியம்.

கட்டடம் அரசுடையது, சரி. அதன் குடிநீர்த் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுபவர் ஊராட்சி ஆள். முதல் மணிக்கு முன் பிள்ளைகள் சாப்பிட்டு முடிக்க, விடிந்ததும் அடுப்பு மூட்டுபவர்கள் சுயஉதவிக் குழுப் பெண்கள். கழிப்பறை கழுவுபவர் ஒருநாள் வராவிட்டால் மறுநாள் பெண் பிள்ளைகளின் வருகையில் அது தெரியும்.

ஊர் இல்லாமல் இங்கே பள்ளிகள் வளர்ந்ததே இல்லை. காமராசர் ஆட்சியில், நெ.து.சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராக இருந்தபோது, 1958-இல் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் மக்கள் நிலம், மேசை, நாற்காலி, சீருடை என்று கொண்டுவந்து குவித்தார்கள். இன்று மேளதாளத்தோடு கல்விச் சீர் எடுத்துவரும் ஊர்களும் அந்த வழியில் நடப்பவைதாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். குழுவில் பாதிப் பேர் பெண்கள். பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பதும் மானியம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பதும் இந்தக் குழுவின் வேலை. அப்படியிருக்க, பல விழாக்களில் குழுத் தலைவியின் கணவர் மேடை நாற்காலியில் இருக்கிறார். தலைவி கீழே கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறார். இதைத் தலைமை ஆசிரியர் அழைப்பிதழ் அச்சாகும்போதே சரிசெய்ய வேண்டும். தலைவியின் பெயரை அச்சிட்டு, பேசவும் ஐந்து நிமிடம் ஒதுக்கினால் கணவர் வந்து உட்கார இடமிருக்காது.

நன்றியுரை நீண்டுபோவதற்குக் காரணம், பட்டியலை விழா அன்று மேடையில் வைத்து எழுதுவது. வந்திருக்கும் பிரமுகர்களின் பெயர்கள் முன்னால் ஏறும். வேலை செய்தவர்கள் ‘மற்றும் அனைவருக்கும்’ என்பதில் அடங்கிப் போவார்கள். விழாவுக்கு ஒரு வாரம் முன்பே இருப்புப் பதிவேட்டையும் குழுக் கூட்டத் தீர்மானப் பதிவேட்டையும் எடுத்து வைத்துக்கொண்டு எழுதட்டும். பதினைந்து பேர் போதும். ஒவ்வொருவருக்கும் ஒரு வாக்கியம், அவர் செய்த வேலையோடு: பிள்ளைகள் சாலையைக் கடக்க உதவ மாலை மணிக்கு வந்து நின்ற தாய், விடுமுறையில் சுற்றுச்சுவர் ஓட்டையை அடைத்த கொத்தனார். முதல் பொன்னாடை தூய்மைப் பணியாளருக்கும் சமையலருக்கும். பத்து நிமிடத்தில் முடியும். பிள்ளைகளும் வெயிலில் வாட மாட்டார்கள்.

நன்கொடைத் தொகையை மட்டும் மைக்கில் வாசிக்கவே கூடாது. ஐந்தாயிரம் கொடுத்தவருக்குக் கைதட்டு விழும். கூலியில் மிச்சம்பிடித்து ஐம்பது ரூபாய் கொடுத்த தாய் தலைகுனிவார், அடுத்த கூட்டத்துக்கே வரமாட்டார். பெயர்களை அகர வரிசையில் வாசிக்கலாம். வரவு செலவை அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம்: எவ்வளவு வந்தது, எதற்குப் போனது, எவ்வளவு மிச்சம். ஒவ்வொருவர் கையிலும் ரசீது. வாங்கிய மின்விசிறி எந்த வகுப்பில் ஓடுகிறது என்று கொடுத்தவரை அழைத்துக் காட்டலாம்.

உங்கள் ஊரில் அந்தப் பலகையில் கணக்கு ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அடுத்த குழுக் கூட்டத்தில் கேளுங்கள்.