மருத்துவர் பதில்: கரையில் ஏற்றிய நல்ல தண்ணீர் கடலில் எப்படிக் கெடுகிறது?

கேள்வி: தூத்தூர் பக்கம் எங்கள் ஊர். ஆழ்கடல் விசைப்படகில் வேலை செய்கிறேன். தேங்காய்ப்பட்டணத்திலிருந்தோ கொச்சியிலிருந்தோ கிளம்பினால் திரும்ப 35 நாளாகும். மொத்தம் 12 பேர். குடிக்கவும் சமைக்கவும் 2000 லிட்டர் ஃபைபர் தொட்டியில் காசு கொடுத்து ஆர்.ஓ. தண்ணீர்தான் நிரப்புகிறோம். முதல் பத்து நாள் ஒன்றுமில்லை. அப்புறம் தண்ணீரில் ஒரு வாடை வருகிறது, இரண்டு மூன்று பேருக்கு வயிற்றுப்போக்கு. போன முறை நானே சுருண்டு படுத்துவிட்டேன். என்ன செய்யலாம், டாக்டர்?

பதில்: முதல் பத்து நாள் ஒன்றுமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது. நீங்கள் வாங்கிய தண்ணீரைவிட அதை ஊற்றி வைத்த தொட்டியின் மேல்தான் எனக்குச் சந்தேகம்.

ஆர்.ஓ. தண்ணீர் சுத்தமானதுதான். ஆனால் அதில் குளோரின் இருக்காது. குளோரின் போட்ட குழாய்த் தண்ணீரில் அது கொஞ்சம் மிச்சம் இருக்கும். பிறகு ஒரு கிருமி வந்து விழுந்தாலும் கொன்றுவிடும். ஆர்.ஓ. தண்ணீருக்கு அந்தக் காவல் கிடையாது. ஒரே நாளில் குடித்து முடித்தால் கவலையில்லை. வெயிலில் காயும் தொட்டியில் 35 நாள் கிடந்தால் கதை வேறு.

அடுத்த முறை தொட்டி காலியானதும், கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு உள்சுவரை விரலால் தேய்த்துப் பாருங்கள். பாசி பிடித்த படித்துறைக் கல் போல வழுவழுவென்று இருந்தால், அது கிருமிகள் கூட்டமாக ஒட்டி வாழும் படலம். அதன் மேல் புதுத் தண்ணீர் ஊற்றுவது, கழுவாத தயிர்ச் சட்டியில் பாலை ஊற்றுவது போலத்தான். காலையில் அது பாலாக இருக்காது.

கிருமி உள்ளே வரும் வழிகளையும் பாருங்கள். தண்ணீர் பிடிக்கும் ஹோஸ் துறைமுகத் தரையில், மீன் கழிவுக்கு நடுவில் கிடந்திருக்கும். அந்த முனை அப்படியே தொட்டிக்குள் போகும். ஹோஸை உங்கள் படகுக்கென்று தனியாக வாங்கி, இரண்டு முனையையும் மூடி, தரையில் படாமல் தொங்கவிடுங்கள். நிரப்பும் முன் கொஞ்ச நேரம் தண்ணீரை வெளியே ஓடவிடுங்கள். தொட்டி மூடி சரியாகப் பொருந்தாவிட்டால், தளத்தைக் கழுவும்போது மீன் ரத்தம் கலந்த தண்ணீர் உள்ளே கசியும். காற்றுக்குழாயில் வலை இல்லையென்றால் கரப்பான் பூச்சி இறங்கும். இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பயம் தருவது, தொட்டிக்குள் மக்கை விட்டு அள்ளுவது. பன்னிரண்டு பேர் கையும் அதில் படுகிறது. ஒரு குழாய் வைத்துவிடுங்கள், பெரிய செலவில்லை. இன்னொன்று: மீனுக்கு ஏற்றும் ஐஸை உடைத்துக் குடிதண்ணீரில் போடாதீர்கள். அது குடிப்பதற்கென்று செய்த ஐஸ் இல்லை.

சரி, தொட்டியைச் சுத்தம் செய்வதற்கு வருவோம். கரை வந்ததும் தண்ணீரை முழுக்க வடித்து, உள்சுவரை நார் பிரஷால் தேய்த்துக் கழுவுங்கள். வழுவழுப்பு போகாமல் மருந்து போட்டுப் பயனில்லை. அப்புறம் தொட்டியை விளிம்பு வரை நிரப்பி, 1000 லிட்டருக்கு 200 கிராம் பிளீச்சிங் பவுடர், உங்கள் தொட்டிக்கு 400 கிராம், கலக்க வேண்டும். பவுடரை நேராகக் கொட்டாதீர்கள். பக்கெட் தண்ணீரில் கரைத்துத் தெளியவிட்டு, மேலே நிற்கும் தெளிவை மட்டும் ஊற்றுங்கள். அடியில் தங்குவது சுண்ணாம்பு. குளோரின் வாடை வரும்வரை எல்லாக் குழாயையும் திறந்துவிட்டு மூடி, ஒரு ராத்திரி அப்படியே விடுங்கள். காலையில் முழுவதையும் வடித்து, நல்ல தண்ணீரால் இரண்டு முறை அலசுங்கள். தொட்டி கழுவப் பவுடர் கலந்த தண்ணீரை யாரும் வாயில் வைக்கக் கூடாது.

தொட்டிக்குள் ஆள் இறங்க வேண்டியிருந்தால் தயவுசெய்து கேளுங்கள்: மூடிக் கிடந்த தொட்டியில் உயிர்க்காற்று குறைந்திருக்கலாம், இரும்புத் தொட்டியில் துருவே அதைத் தின்றுவிடும். முன்கூட்டியே திறந்து வைத்து, மின்விசிறியால் நன்றாகக் காற்று செலுத்தி, வெளியே ஒருவர் பார்த்துக்கொண்டே நிற்கட்டும். தலைசுற்றினால் உடனே மேலே வர வேண்டும். உள்ளே ஒருவர் மயங்கிவிட்டால் அவரைத் தூக்க இன்னொருவர் அப்படியே குதிக்கக் கூடாது; இரண்டு உயிர் போகும். பிளீச்சிங் பவுடரோடு ஆசிட்டோ கழிப்பறை கிளீனரோ சேரவே கூடாது. நச்சு வாயு கிளம்பும்.

கடலுக்குப் போகும் தண்ணீரில் 1000 லிட்டருக்கு 4 கிராம் பவுடர் போதும். தலைதட்டிய ஒரு டீஸ்பூன் ஏறக்குறைய அந்த அளவு வரும். இதையும் கரைத்துத் தெளிவை மட்டும் ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். லேசான குளோரின் வாடை இருந்தால் நல்லது. சூட்டில் குளோரின் நாளாக நாளாகக் குறையும். அதனால் சின்னச் சோதனை கிட் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். சில நாளுக்கு ஒருமுறை சோதித்து, நிறம் வராவிட்டால் மீதித் தண்ணீருக்கு ஏற்றபடி திரும்பப் போடுங்கள். உப்புக்காற்றில் திறந்து கிடந்த பவுடருக்கு வீரியம் இருக்காது. சின்னப் பொட்டலமாக வாங்கி இறுக்கி மூடி வையுங்கள். படிகாரம் கலங்கலைத் தெளிய வைக்கும், கிருமியைக் கொல்லாது.

வயிற்றுப்போக்கு வந்துவிட்டால் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். பொட்டலம் தீர்ந்துவிட்டால் ஒரு லிட்டருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. அவரைச் சமையல் பக்கம் விடாதீர்கள். மலத்தில் ரத்தமோ காய்ச்சலோ இருந்தால், போக்கை நிறுத்தும் மாத்திரை கூடாது. கஞ்சித் தண்ணீர் போலப் பீய்ச்சினால், சிறுநீர் நின்றுவிட்டால், கண் உள்வாங்கினால், படகை ஓட்டும் ஸ்ராங்கிடம் சொல்லிப் படகைத் திருப்புங்கள். வி.எச்.எஃப். ரேடியோவில் 16-ஆம் சேனலில் உதவி கேட்கலாம். போன் எடுக்கும் இடமென்றால் கடலோரக் காவல் படையின் எண் 1554.

கடைசியாக ஒன்று. கெட்ட தண்ணீரால் வரும் மஞ்சள் காமாலை உடனே தெரியாது. ஹெபடைட்டிஸ் ஏ என்றால் கிருமி உள்ளே போனதிலிருந்து 15 முதல் 50 நாள் வரை ஆகும். கரைக்கு வந்து வீட்டில் இருக்கும்போது கண் மஞ்சளானால், வீட்டுச் சாப்பாட்டைச் சந்தேகப்படுவார்கள், படகை யாரும் நினைக்க மாட்டார்கள். அப்போது எந்தத் தேதியில் கடலுக்குப் போனீர்கள், கூட வந்தவர்களில் யாருக்கு வயிறு கெட்டது என்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.