ஏழு விரல்கள்

அன்புள்ள ஐயா,

பழைய ரக்பி பற்றிய கட்டுரையில் 'அன்று காசுக்காக யாரும் ஆடவில்லை, ஆட்டத்துக்காகவே ஆடினார்கள்' என்று எழுதியிருந்தீர்கள். அதிலேயே ஜேம்ஸ் பீட்டர்ஸைப் போகிறபோக்கில் தொட்டு, இங்கிலாந்துக்கு ஆடிய முதல் கறுப்பர், நிறவெறியால் ஒரே ஆண்டில் ஓரங்கட்டப்பட்டவர் என்கிறீர்கள். ஆனால் அவர் 1908 வரை ஆடியிருக்கிறாரே?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

ஆடியிருக்கிறார், மொத்தம் ஐந்து ஆட்டம். அதைவிடப் பெரிய பிழை, நீங்கள் மேற்கோள் காட்டிய முதல் வரி.

பீட்டர்ஸ் 1879இல் சால்ஃபோர்டில் பிறந்தார். அப்பா ஜமைக்காக்காரர், சர்க்கஸில் சிங்கம் பழக்கியவர். சிங்கம் அடித்தே இறந்தார். பையன் குதிரைமேல் வித்தை காட்டினான். கை முறிந்ததும் சர்க்கஸ் அவனைக் கழற்றிவிட்டது. (கதையில் யாராவது இப்படி எழுதியிருந்தால் நானே 'ரொம்ப ஓவர்' என்றிருப்பேன்.) லண்டன் அனாதை இல்லங்களில் வளர்ந்து அச்சுவேலையும் தச்சுவேலையும் கற்றார். பிரிஸ்டலுக்கு ஆடினார், பிறகு பிளிமத்துக்கு.

1906 மார்ச்சில் எடின்பரோவில் ஸ்காட்லாந்துக்கு எதிராக முதல் ஆட்டம். இங்கிலாந்து 9–3 என்று வென்றது. அவர் ஆடியது ஃப்ளை ஹாஃப்: கைக்குப் பந்து வந்த நொடியில் ஓடுவதா, கொடுப்பதா, உதைப்பதா என்று முடிவெடுக்கவேண்டிய இடம். அந்த அக்டோபரில் டெவன் மாவட்ட அணியில் அவரைப் பார்த்த தென்னாப்பிரிக்க அணியினர், கறுப்பரோடு ஆடமாட்டோம் என்று களமிறங்க மறுத்தார்கள். சமாதானம் பேசித்தான் இறக்க வேண்டியிருந்தது. டிசம்பரில் இங்கிலாந்து அவர்களோடு மோதியபோது அணியில் பீட்டர்ஸ் இல்லை. நான் அங்கேயே கதையை முடித்துவிட்டேன். ஆனால் 1907இல் அவரை மறுபடி அழைத்தார்கள். கடைசி ஆட்டம் 1908இல், வேல்ஸுக்கு எதிராக.

1910இல் கப்பல்துறை வேலையில் மூன்று விரல்கள் போயின. ரக்பி கையால் பிடித்துக் கையால் கொடுக்கிற ஆட்டம். ஏழு விரலோடு தொடர்ந்து ஆடினார்! 1912இல், ஆட்டத்தை நிர்வகித்த ரக்பி யூனியன் அவருக்குத் தடை விதித்தது, ஆடுவதற்குப் பணம் வாங்கினார் என்று.

இந்தப் பணச் சண்டை பழையது. இங்கிலாந்தின் வடக்கே ஆலையிலும் சுரங்கத்திலும் உழைத்தவர்கள் ஆடப்போனால் அன்றைய கூலி போகும். அதை மட்டும் ஈடுகட்டுங்கள் என்று கேட்டதற்கே யூனியன் மறுத்தது. 1895இல் வடக்குக் கிளப்புகள் பிரிந்துபோய்த் தனிச் சங்கம் அமைத்தன. அங்கே பிறகு கூலி வாங்கி வெளிப்படையாகவே ஆடலாம் என்றானது. சொத்துள்ளவனுக்கு 'ஆட்டத்துக்காகவே' ஆடுவதில் என்ன நஷ்டம்? தச்சனுக்கு அப்படியில்லை. 1913இல் பீட்டர்ஸும் வடக்கே போனார்: முதலில் பாரோ கிளப், பிறகு செயின்ட் ஹெலன்ஸ், கூலியை ஒளிக்காமல். வயது முப்பத்து நாலு ஆகிவிட்டது, அடுத்த ஆண்டே ஓய்வு. பிளிமத்துக்குத் திரும்பி 1954 வரை வாழ்ந்தார்.

நிறத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அவருக்குப் பிறகு இங்கிலாந்து ரக்பி அணிக்கு ஆடிய அடுத்த கறுப்பர் கிறிஸ் ஓட்டி. ஆண்டு 1988.

கட்டுரையில் இரண்டு இடத்தையும் திருத்திவிட்டேன்.