‘சும்மாதானே செய்கிறேன்’ என்பது எச்-4 விசாவில் செல்லுமா?

கேள்வி: என் கணவர் டாக்டர். டெட்ராய்ட்டில் ரெசிடென்சி முடித்துவிட்டு, நெப்ராஸ்காவில் 1,500 பேர்கூட இல்லாத ஓர் ஊரின் மருத்துவமனையில் கான்ராட் வெய்வரில் (டாக்டர் பற்றாக்குறை உள்ள இடத்தில் மூன்று வருடம் பணிபுரிந்தால், ஜே-1 பயிற்சி விசாவில் வந்த டாக்டர் நாடு திரும்ப வேண்டாம் என்ற விலக்கு), எச்-1பி வேலை விசாவில் இருக்கிறார். நான் எச்-4, அதாவது அவரைச் சார்ந்து வந்த மனைவி விசா; வேலை அனுமதி இல்லை. சென்னையிலும் டெட்ராய்ட்டிலும் மார்க்கெட்டிங் வேலை பார்த்தவள். இங்கே மெயின் ஸ்ட்ரீட்டில் பர்னிச்சர் கடை நடத்தும் ஒரு பெரியம்மா, கடையின் ஃபேஸ்புக் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார். லைப்ரரியிலும் கவுன்டி ஃபேர் குழுவிலும்கூடக் கூப்பிடுகிறார்கள். சம்பளம் வாங்காமல் செய்தால் தப்பில்லையே? தெரிந்த கன்சல்டன்சிக்காரர், எல்எல்சி என்று சொந்தமாக ஒரு கம்பெனி திறந்தால் காசே வாங்கலாம் என்கிறார்.

பதில்: லைப்ரரிக்குச் செய்யுங்கள். ஃபேருக்குச் செய்யுங்கள். கடைக்குச் செய்யாதீர்கள். ஒரு டாலர்கூட வாங்காவிட்டாலும் செய்யாதீர்கள்.

காசு கை மாறியதா என்பது மட்டுமே கேள்வி என்று நம்மவர்கள் நினைக்கிறார்கள். அப்படியில்லை. லாபத்துக்கு நடக்கும் ஒரு கடை யாரிடமும் இலவசமாக வேலை வாங்க முடியாது. 1938இல் வந்த தொழிலாளர் சட்டத்தின் நிலை அது. அந்தப் பெரியம்மா உங்களை வைத்துக்கொள்ளாவிட்டால் வேறொருவருக்குச் சம்பளம் கொடுத்துத்தான் அந்த வேலையைச் செய்ய வேண்டியிருக்கும். ஆகவே அது சேவை ஆகாது, வேலைதான். லைப்ரரிக்குப் போஸ்டர் அடிப்பதும், 4-எச் என்ற சிறுவர் மன்றத்துப் பிள்ளைகள் கன்றுக்குட்டியைக் குளிப்பாட்டி ஓட்டிவரும் ஃபேருக்கு விளம்பரம் எழுதுவதும் அப்படியல்ல. அந்த ஊர்களில் தீயணைப்புப் படையே பெரும்பாலும் தன்னார்வலர்கள்தான். சம்பளத்துக்கு இருந்தவரை நிறுத்திவிட்டு அந்த இடத்தில் உங்களை உட்கார வைக்கிறார்களா என்பதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இதில் ஓர் இடம் மட்டும் வழுக்கும். சேம்பர் ஆஃப் காமர்ஸ். அடுத்து உங்களைக் கூப்பிடப்போவது அவர்கள்தான், அதனால் விளக்கமாகவே சொல்கிறேன். அதுவும் லாப நோக்கமில்லாத அமைப்புதான். ஆனால் லைப்ரரி நண்பர்கள் குழுவைப் போன்ற அறக்கட்டளை வகையல்ல. வரிச் சட்டத்தில் அறப்பணிக்கான பிரிவு 501 சி 3. சேம்பர் வருவது 501 சி 6, அதாவது வியாபாரிகள் தங்கள் வியாபாரத்துக்காகக் கூடும் சங்கம். சின்ன ஊரில் இந்தக் கோடு கண்ணுக்கே தெரியாது. கிறிஸ்துமஸ் ஊர்வலம் நடத்துவதும் சேம்பர், தள்ளுபடி வாரம் நடத்துவதும் சேம்பர். லைப்ரரி குழுவில் இருக்கும் அதே நாலு பேர்தான் இங்கேயும் இருப்பார்கள். ஊர்வலத்தன்று அக்கம்பக்கத்தாரோடு நின்று பிள்ளைகளுக்கு ஹாட் சாக்லேட் ஊற்றிக் கொடுங்கள், அதில் ஒன்றுமில்லை. வாரா வாரம் கடைகளின் தள்ளுபடியை விளம்பரம் செய்து கொடுப்பது வேறு. அது உங்கள் தொழில். யார் கேட்டாலும், ‘நீங்கள் எந்தப் பிரிவில் பதிவு செய்திருக்கிறீர்கள்?’ என்று கேளுங்கள். தவறாக நினைக்கமாட்டார்கள்.

இன்னொன்று, அந்த ஊர்க்காரர்கள் உதவியைச் சும்மா வாங்கிக்கொள்ளமாட்டார்கள். ஆகஸ்டில் பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் ஒரு பை ஸ்வீட் கார்ன் வைத்துவிட்டுப் போனால் வாங்கி வேகவைத்துச் சாப்பிடுங்கள். வேலைக்குப் பதிலாக வருவது வேறு. என்னிடம் வந்த ஒரு பெண் தீவனக் கடை ஒன்றுக்கு ஒரு வருடம் இலவசமாகப் போஸ்டர் செய்து கொடுத்திருந்தார். டிசம்பரில் கடைக்காரர் வெள்ளைத் தாளில் சுற்றிய கால் மாட்டு இறைச்சியும் ஒரு கிஃப்ட் கார்டும் கொண்டுவந்து கொடுத்தார். மேலே ஒட்டிய அட்டையில் அவர் கையெழுத்திலேயே, ‘இந்த வருட வேலைக்கு’. கிரீன் கார்டுக்கான ஐ-485 படிவம், அனுமதியில்லாமல் எப்போதாவது வேலை செய்ததுண்டா என்று கேட்கிறது. அந்தக் கேள்விக்கு முன்னால் அவர் அழுதுகொண்டு உட்கார்ந்திருந்ததை நான் மறக்கவில்லை. ஒரு நல்ல மனிதர் அன்போடு கொடுத்தது அது.

அந்தக் கன்சல்டன்சிக்காரர் விஷயத்துக்கு வருகிறேன். எல்எல்சியைத் திறக்கலாம், பங்கு வைத்திருக்கலாம். அதில் உட்கார்ந்து வேலை செய்ய முடியாது, அதை அவர் சொல்லமாட்டார். அது முடியாதென்று தெரிந்ததும், கணவர் கணக்கில் பணத்தைப் போடச் சொல்லலாம் என்பார். உங்கள் கணவரின் எச்-1பி அந்த மருத்துவமனைக்கு மட்டும்தான், வேறு வருமான வேலை அவர் பெயரில் வந்தால் அவர் விசாவும் போகும். இந்திய வங்கிக் கணக்கு என்பார். வேலை நடப்பது நெப்ராஸ்காவில், உங்கள் சாப்பாட்டு மேசையில். இந்த மாதிரி ஆட்கள் ஃபீஸை முதலிலேயே வாங்கிவிடுவார்கள். எந்தப் படிவத்திலும் அவர்கள் பெயர் இருக்காது, கையெழுத்து உங்களுடையதாக மட்டுமே இருக்கும். பேச்சை அங்கேயே நிறுத்துங்கள்.

டெட்ராய்ட்டில் வேலை பார்த்தேன் என்கிறீர்கள். அது ஜே-2 அட்டையில், அதாவது கணவர் ஜே-1இல் இருந்தபோது உங்களுக்குக் கிடைத்த வேலை அனுமதி அட்டையில் பார்த்திருப்பீர்கள். அதில் அச்சிட்ட தேதி இன்னும் தாண்டாமல் இருக்கலாம். எச்-4 ஆன அன்றே அந்த அட்டை உங்களுக்குச் செல்லாமல் போய்விட்டது. டாக்டர்களின் மனைவிமார் பலர் விழும் குழி இது.

வழி இருக்கிறது. 2015 மே 26 முதல், கிரீன் கார்டுக்கு முதல் படியான கணவரின் ஐ-140 மனு ஏற்கப்பட்டிருந்தால் எச்-4 மனைவியும் வேலை அனுமதி கேட்கலாம். டாக்டர் பற்றாக்குறை உள்ள பகுதியில் பணிபுரிபவர் ‘தேசிய நலன்’ பிரிவில் தானே மனு போடலாம். அதற்கு ஐந்து வருட சேவை வேண்டும்தான். ஆனால் ஐந்து வருடம் முடியும்வரை மனுவுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை, சேவை நடக்கும்போதே ஐ-140 ஏற்கப்படலாம். பெரும்பாலான டாக்டர்கள், கான்ராட்டின் மூன்று வருடம் முடியட்டும், இந்தியர்களுக்குக் கிரீன் கார்டு எப்படியும் லேட்டாகத்தானே வரும் என்று தள்ளிப்போடுகிறார்கள். உங்கள் வேலை அனுமதி அட்டைக்குக் கிரீன் கார்டு வர வேண்டியதில்லை, ஐ-140 போதும். இந்த வாரமே அவரிடம் பேசுங்கள். மாநில சுகாதாரத் துறையின் கடிதம் வாங்கவே நாளாகும். மருத்துவமனையின் வழக்கறிஞர் மருத்துவமனைக்காக இருப்பவர், உங்களுக்காக இல்லை. உங்களுக்கென்று ஒருவரைப் பாருங்கள்.

அட்டை வந்தபின் புதுப்பிப்பதில் அசந்துவிடாதீர்கள். முன்பெல்லாம் விண்ணப்பித்தாலே பழைய அட்டை தானாக நீளும். 2025 அக்டோபர் 30 முதல் போடும் விண்ணப்பங்களுக்கு அது கிடையாது. 180 நாள் முன்பே போடலாம், அன்றைக்கே போடுங்கள்.

டாக்டர் கிடைக்காத ஊருக்கு ஒருவரை வரவழைத்துவிட்டு, கடைகள் ஒவ்வொன்றாக மூடும் அதே தெருவில் மார்க்கெட்டிங் தெரிந்த அவர் மனைவியைக் கையைக் கட்டி உட்கார வைக்கிறார்கள். இத்தனை வருடம் இந்தத் தொழிலில் இருந்தும் இதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

அந்தப் பெரியம்மாவிடம் நேரமில்லை என்று சாக்குச் சொல்லாதீர்கள். அந்த அளவு ஊரில் உங்களுக்கு நேரம் இருப்பது எல்லோருக்கும் தெரியும். ‘எனக்கு இன்னும் வேலை அனுமதி வரவில்லை. வந்ததும் உங்களிடம்தான் முதலில் வருவேன், அப்போது சம்பளம் கொடுங்கள்’ என்று நேராகச் சொல்லுங்கள். லைப்ரரியில் நீங்கள் தன்னார்வலர் என்று அவர்களிடம் ஒரு கடிதம் எழுதி வாங்கி, விசா அனுமதி அறிவிப்பான ஐ-797 இருக்கும் ஃபைலிலேயே போட்டு வையுங்கள்.