ரயில் பாதுகாப்பு: மாநிலத்துக்கு எவ்வளவு அதிகாரம்?

கேள்வி: 2023-ல் சரக்கு ரயில் தடம்புரண்டதும் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலம் தானே ஒரு சட்டம் போட்டது. ரயில்வே மத்திய அரசின் பொறுப்பு அல்லவா? அது செல்லுமா?

பதில்: முதலில் விபத்தைப் பாருங்கள். ஒஹாயோவின் ஈஸ்ட் பாலஸ்டைன் என்ற ஊரில் 38 பெட்டிகள் கவிழக் காரணம் ஒரே ஒரு சக்கரத்தின் பேரிங். தண்டவாளத்தை ஒட்டியிருக்கும் வெப்பமானி, வெளிக்காற்றைவிட 38 டிகிரி பாரன்ஹீட் கூடுதல் என்று காட்டியது. 10 மைல் தள்ளி அடுத்த கருவியில் 103. அதற்கடுத்தது 20 மைல் தாண்டி, அங்கே 253! ரயில் நிற்பதற்குள் அச்சு முறிந்துவிட்டது. பேரிங் உள்ளே கொதித்தாலும் கருவி பார்ப்பது வெளிப்புறத்தைத்தான். அதனால் சூடு தாமதமாகவும் குறைவாகவுமே தெரியும். கருவிகளுக்கு இடையே உள்ள தூரம் அவ்வளவு முக்கியம்.

அந்த இடைவெளியை 10 முதல் 15 மைலுக்குள் கொண்டுவரத்தான் ஒஹாயோ முனைந்தது. சரக்கு ரயிலில் குறைந்தது 2 பணியாளர் வேண்டும் என்றும் சொன்னது. நியாயமான கோரிக்கைகள்தான்.

செல்லுமா என்பதற்கு 1970-ம் ஆண்டின் மத்திய ரயில் பாதுகாப்புச் சட்டத்தில் பதில் இருக்கிறது. ஒரு விஷயத்தில் மத்திய விதி வராதவரை மாநிலம் விதி போடலாம். வந்த பிறகு, அந்த ஊருக்கே உரிய ஆபத்து என்று காட்டினால் மட்டுமே கடுமையாக்கலாம். அதுவும் மத்திய விதியோடு முரண்படாமல், மாநிலங்களுக்கிடையிலான வணிகத்துக்கு அளவுமீறிய சுமை ஆகாமல். மாநிலம் முழுவதற்குமான பொது விதி இந்த விலக்குக்குள் வருவது கடினம். லெவல் கிராசிங்கை ரயில் அடைத்து நிற்பதற்கு ஒஹாயோ வைத்திருந்த 5 நிமிட வரம்பு, வேறொரு மத்திய சட்டத்தால் 2022-ல் அந்த மாநிலத்தின் சொந்த உச்ச நீதிமன்றத்திலேயே விழுந்தது.